ஆண்டவரையும் கொஞ்சம் பேச உடுங்க

1

நாங்கள் நியூசிலாந்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆன அன்று ஒரு கேக் வாங்கினோம். வீட்டில் நான், என் மனைவி மெர்சி, பதினாறு வயது மகள் ஜெமி என்று மூன்றே பேர். ஆனாலும் பெரிய கேக். அதை மேசை நடுவில் வைத்து, கத்தியைப் பக்கத்தில் வைத்து, வழக்கம்போல முதலில் ஜெபம் பண்ண உட்கார்ந்தோம். கேக் அன்றைக்கு வெட்டப்படவே இல்லை.

குடும்பத் தலைவன் என்கிற தோரணையில் நான்தான் ஆரம்பித்தேன். "அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகத் தகப்பனே, மதுக்கரையிலிருந்து எங்களைக் கைதூக்கி எடுத்து, இந்தப் பச்சைப்பசேல் தேசத்தில் கொண்டுவந்து வைத்தீரே, ஸ்தோத்திரம். இதுவே எங்கள் ஊர், இதுவே உமது சித்தம் என்பதை இந்த வீட்டில் இன்னும் சந்தேகப்படுகிறவர்களுக்கும் வெளிப்படுத்தும்" என்றேன்.

நான் ஆமென் சொல்வதற்குள் மெர்சி பிடித்துக்கொண்டாள். "கர்த்தாவே, சிலபேரு அவங்களுக்குப் புடிச்சதையெல்லாம் உம்முடைய சித்தம்னு சொல்லிட்டுத் திரியறாங்க. அவங்களை மன்னியும். மேட்டுப்பாளையத்துல ஒத்தையில கெடக்கற என்ற அம்மாவை நெனச்சருளும். பெத்தவளைப் போய்ப் பாக்கோணும்னு சொன்னா, புள்ள படிப்பு கெட்டுப்போகும்னு சொல்றவங்களோட கல்லான இருதயத்தை மாத்தியருளும்."

"தகப்பனே, கல் இருதயம் எனக்கில்லை என்று நீர் அறிவீர்..." என்று நான் மறுபடி எடுக்க, நாற்காலி கிறீச்சிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் ஜெமி எழுந்து நின்றிருந்தாள்.

"சண்டை போடறதுன்னா நேரா போடுங்கப்பா. காட் பாவம், அவரை எதுக்கு நடுவுல உட்கார வெச்சிருக்கீங்க?" என்றாள். போனை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து குடும்ப ஜெபத்துக்கே வருவதில்லை. கேக்கை மட்டும் மறுநாள் தனியாக வெட்டித் தின்றிருந்தாள்.

விஷயம் இதுதான். மெர்சியின் அம்மா மேட்டுப்பாளையத்தில் தனியாக இருக்கிறார். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கரைப் பிடித்து நடக்கிறார். அதிலிருந்து மெர்சிக்கு ஒரே பேச்சு, மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்று. எனக்கும் ஒரே பேச்சு, ஜெமியின் படிப்பு. அந்த நேரம் பார்த்துக் குடியுரிமை விண்ணப்பம் வேறு. அதில் ஒரு கேள்வி: தொடர்ந்து இந்த நாட்டிலேயே வசிக்கும் எண்ணம் உண்டா? நான் என்னுடையதில் பட்டென்று டிக் அடித்தேன். மெர்சி தன்னுடையதைப் பிரிட்ஜ் மேல் வைத்து, அதன்மேல் அரிசி டப்பாவைத் தூக்கி வைத்துவிட்டாள்.

அம்மாவை இங்கே கூட்டி வந்தால் என்ன என்று கேட்பீர்கள். பெற்றோர் விசாவுக்கு இங்கே ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் நாம் எத்தனையாவது ஆள் என்று கேட்டால், உங்கள் பொறுமைக்கு நன்றி என்று பதில் வருகிறது. அத்தைக்கும் வர இஷ்டமில்லை. "உங்கூர்ல மாடுகூட இங்கிலீசுலதான் கத்துமாமே, நானெங்க வர்றதுங்க மாப்ள" என்று முடித்துவிட்டார்.

2

சண்டையை ஜெபத்தில் போடுவது நானும் மெர்சியும் கண்டுபிடித்ததல்ல. நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மதுக்கரையில் என் அப்பா சிமெண்ட் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனார். சனிக்கிழமை சம்பளம். வெள்ளிக்கிழமை சாயங்கால ஜெபத்திலேயே அம்மா ஆரம்பித்துவிடுவாள். "ஆண்டவரே, நாளைக்குக் காசு கைக்கு வந்ததும் காலு எங்கியும் திரும்பாம நேரா ஊட்டுக்கு வர்ற புத்தியை இவருக்குத் தாரும்." அப்பா யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிய விண்ணப்பம்போலக் கண்ணை மூடிக் கேட்டிருந்து, எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வார். பிறகு அவர் முறை வரும். "கர்த்தாவே, கொழம்புல உப்பை எச்சாப் போட்டுப்போடற கைக்குக் கொஞ்சம் நிதானத்தைத் தாரும்."

ஜெபத்தின் நடுவில் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. முறைக்கவும் முடியாது, கண் மூடியிருக்க வேண்டும். இதைவிட வசதியான ஏற்பாடு உலகத்தில் கிடையாது. எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் வாய்ச்சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை, எல்லாம் ஜெபத்திலேயே தீர்ந்துவிடும்.

ஆக, ஜெபம் என்றால் பேசுவது என்றுதான் நான் கற்றுக்கொண்டேன். மூச்சு விடாமல் பேச வேண்டும். இடைவெளி விட்டால் விசுவாசம் குறைவு. வாலிபர் கூட்டத்தில் எனக்கு நல்ல பெயர். "சாலமோன்கிட்ட ஜெபத்தைக் குடுத்தா டீ ஆறிரும்" என்று பெருமையாகவும் சொல்வார்கள், பயந்துகொண்டும் சொல்வார்கள். கேட்பது என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லித் தரவில்லை. பிரசங்கம் முடிந்ததும் எங்கள் சர்ச்சு ஐயர், "சற்று நேரம் மௌனமாக ஜெபிப்போம்" என்பார். நாங்கள் சரியாகக் கண்ணை மூடுவதற்குள் அவரே ஆமென் சொல்லிவிடுவார். பாவம், அவருக்கும் மதியச் சாப்பாட்டுக்கு யார் வீட்டிலோ காத்திருப்பார்கள்.

3

என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகினவன் நான். காயில் கட்டுவது, பேரிங் மாற்றுவது, தோட்டம் தோட்டமாகப் போய்க் கிணற்று மோட்டாரை இறக்கி ஏற்றுவது. இங்கே வந்தும் அதே தொழில்தான், கிணற்றுக்குப் பதில் மாட்டுப்பண்ணை. பால் கறக்கிற இயந்திரத்துக்கு ஒரு வேக்குவம் பம்ப் உண்டு. அது நின்றால் மாடுகள் கத்தும், மாட்டுக்காரர் அதைவிடக் கத்துவார், நான் வேனை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

அப்படிப் பழக்கமானவர் கிரேம், அறுபது வயதுப் பண்ணைக்காரர். கேக் சம்பவம் நடந்த சில நாளில், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சர்ச்சு ஹாலில் ஜெபத்துக்குக் கூடுகிறோம், வருகிறாயா என்று கேட்டார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று ஒரு ஜெபக்கூட்டத்தைப் பார்த்து! மெர்சியை முறுக்குச் சுடச் சொன்னேன். கோட்டுப் போட்டுக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

வட்டமாக நாற்காலிகள், நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, வயதான வெள்ளைக்காரர்கள் ஏழெட்டுப் பேர். பாட்டு இல்லை, சாட்சி இல்லை. கிரேமின் மனைவி ஏதோ ஒரே ஒரு வாக்கியம் மெல்லச் சொன்னார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவ்வளவுதான். நான் காத்திருந்தேன். யாரும் ஆரம்பிக்கவில்லை.

நம் ஊர் ஜெபக்கூட்டத்தில் மௌனம் விழுந்தால் அது கரண்ட் போன மாதிரி. யார் எழுந்துபோய் பியூஸைப் பார்ப்பது என்று ஒருவரை ஒருவர் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்போம். அதிலும் ஒறம்பரை வந்திருந்தால், விருந்தாளி என்கிற மரியாதைக்கு ஜெபத்தை அவரிடம்தான் கொடுப்போம். அவர் கூச்சப்பட்டால் விடமாட்டோம், அவர் வாயைத் திறக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருப்போம். இந்த அறையில் ஒறம்பரை யார்? நான்தான். அடடா, இவ்வளவு பேர் எனக்காகக் காத்திருக்கிறார்களே என்று மனம் உருகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

என் இங்கிலீஷில் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் ஜெபித்தேன். நாட்டின் தலைவர்களுக்காக, மழைக்காக, மாடுகளுக்கு மடிநோய் வராமலிருக்க. அறையில் ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியாக. பெயர் தெரியாததால், "நீல ஸ்வெட்டர் போட்ட இந்தச் சகோதரியை ஆசீர்வதியும்" என்றேன். அந்த அம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்ததை, ஒரு கண்ணை மட்டும் திறந்திருந்த நானும் பார்த்தேன். முடித்தபோது வியர்த்திருந்தது. எல்லோரும் நன்றி சொன்னார்கள், முறுக்கைக் கடிக்கச் சிரமப்பட்டார்கள்.

"பாவம் மெர்சி, யாருக்கும் வாய்விட்டு ஜெபிக்கவே தெரியலை. நல்லவேளை நாம போனோம்" என்றேன் காரில்.

"எனக்கென்னமோ அவங்க நிம்மதியா உக்காந்திருந்த மாதிரிதானுங்க தெரிஞ்சுது. நீங்க எழுப்பிப்போட்டீங்க" என்றாள் மெர்சி.

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த செவ்வாயும் போனேன், அதற்கடுத்த செவ்வாயும் போனேன். மூன்றாவது வாரம் ஜெபக் குறிப்பு எழுதி எடுத்துக்கொண்டே போனேன் என்று சொன்னால் சிரிக்கக்கூடாது.

4

அந்த வாரக் கடைசியில் கிரேமின் பம்ப் ஒரு மாதிரி முனக ஆரம்பித்தது. போய்ப் பார்த்தேன். மோட்டார்க்காரனுக்குக் காதுதான் மூலதனம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்க வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்லும். கணபதியில் பழகியது, இங்கே விலை உயர்ந்த கருவியெல்லாம் கொடுத்திருக்கிறார்கள், இருந்தாலும் என் காதுக்கு ஸ்க்ரூடிரைவர்தான்.

நான் காதை வைத்த நேரம் பார்த்து கிரேம் ரக்பி பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். கையைக் காட்டினேன். நிறுத்தவில்லை. "கிரேம், தயவுசெய்து கொஞ்சம் பேசாமல் இருங்கள், எனக்குக் கேட்கவில்லை" என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, முகம் சிவந்து, கடைசியில் கொஞ்சம் சங்கடமாகி, "இதைத்தான் செவ்வாய்க்கிழமை உன்னிடம் சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை" என்றார். "நாங்கள் அங்கே யாராவது ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. கேட்பதற்காக உட்கார்ந்திருக்கிறோம். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய், அதனால் விட்டுவிட்டோம்."

பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "கேட்கிறீர்களா? யாரை?" என்றேன்.

"அவரைத்தான்."

"ஏதாவது கேட்டதா?"

கிரேம் யோசித்தார். "பெரும்பாலும் என் வயிறு கத்துவதுதான் கேட்கும். எப்போதாவது, வாரமெல்லாம் நான் பார்க்காததுபோலத் தாண்டிப் போன ஏதோ ஒன்று பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரும். அப்போது அவரும் அங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது."

வீட்டுக்கு வந்து மெர்சியிடம் சொன்னேன். அவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கேக் வாங்கின நாளுக்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நானுமே சொல்லலாம்னுதானுங்க இருந்தேன். கண்ணாலம் ஆன நாள்லருந்து சொல்லலாம்னு இருக்கறேன். ஆண்டவரையும் கொஞ்சம் பேச உடுங்க."

அப்படித்தான் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கார வேண்டும், பத்து நிமிடம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது, அப்புறம் ஒரே ஒரு ஆமென். முதல் நாள் வீடு நிசப்தமாக இருப்பதைப் பார்த்து, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஜெமி அறையிலிருந்து ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும், "சீரியஸா?" என்று கேட்டு, பேசாமல் அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

5

பேசாமலிருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எனக்கு வாய் அரித்தது. முதல் வாரம் முழுக்க நான் கேட்டது எங்கள் பிரிட்ஜின் கம்ப்ரசரை. இன்னும் ஒரு வருடம்கூட ஓடாது என்று கண்டுபிடித்தேன். இரண்டாவது வாரம் குளியலறை எக்ஸாஸ்ட் பேன், புஷ் தேய்ந்திருக்கிறது. ஆண்டவர் எங்கே பேசினாரோ தெரியாது, வீட்டிலிருந்த மோட்டாரெல்லாம் என்னோடு பேசியது.

வாய்தான் மூடியிருந்தது. உள்ளே பழைய ஜெபம் அதுபாட்டுக்கு ஓடியது. மெர்சிக்கு எதிரான என் வாதங்களை ஒவ்வொன்றாக ஆண்டவர் முன் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நடுவில் எனக்கே சிரிப்பு வந்தது. கணபதியில் எங்களுக்கொரு கெட்ட பழக்கம் இருந்தது. தோட்டத்துக்காரர் போனிலேயே, "பேரிங் போச்சாட்டம் இருக்குதுங்க" என்று சொல்லிவிடுவார். நாங்களும் புதுப் பேரிங்கோடு போய் இறங்கிக் காதை வைப்போம். பேரிங் போன சத்தம் அப்படியே கேட்கும். கழற்றிப் பார்த்தால் பேரிங் நன்றாக இருக்கும், அடிப்பக்கத்து போல்ட் லூசாக இருக்கும். முடிவு பண்ணிவிட்டுக் காதை வைத்தால் முடிவுதான் கேட்கும். இத்தனை காலம் நான் ஆண்டவரிடம் அவருடைய சித்தத்தைக் கேட்கவில்லை, நான் எழுதி முடித்த காகிதத்தில் கையெழுத்துக் கேட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமைகளிலும் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். முதல் தடவை நான் பேசாமலிருந்த அன்று, கூட்டம் முடிந்ததும் நீல ஸ்வெட்டர் சகோதரி என் கையைப் பிடித்து, "உடம்பு சரியில்லையா?" என்று கவலையோடு கேட்டார்.

அப்புறம் ஒரு நாள் வீட்டு ஜெபத்தில் அது வந்தது. வெளியே மழை. ஜெமி காலை மடித்து உட்கார்ந்திருந்தாள், மெர்சியின் மூச்சு மட்டும் கேட்டது. கிரேம் சொன்ன மாதிரியே, பக்கத்து நாற்காலியில் எதுவோ வந்து உட்கார்ந்தது. பார்த்தால், ஒரு மோட்டார் ரூம்.

ஊர்ப் பெயர் வேண்டாம். கணபதியில் வேலை பார்த்த காலம். கிணற்று மோட்டாரை நான் ஏற்றி முடித்ததும், தண்ணீர் பீய்ச்சி அடித்த சந்தோஷத்தில் தோட்டத்துக்காரர் என்னிடம் வந்தார். நல்ல மனிதர், மரியாதையான பேச்சு.

"ஏனுங்க மெக்கானிக்கு, உங்களுக்கு எந்த ஊருங்க?"

"மதுக்கரைங்க."

"மதுக்கரையில எந்தப் பக்கமுங்க?"

"சர்ச்சுக்குப் பக்கத்துலீங்க."

"ஓ... செரீங்க, செரீங்க."

டீ வந்தது. மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். எனக்கு மட்டும் ஒரு பேப்பர் கப், கையில் தராமல் மோட்டார் ரூம் சுவர்மேல் வைத்தார்கள். "இன்னொரு டீ குடிக்கறீங்களா?" என்றும் கேட்டார். அந்த 'ங்க' மட்டும் குறையவே குறையாது நம் ஊரில். எல்லாத் தோட்டத்திலும் இப்படி இல்லை. வீட்டுக்குள் உட்கார வைத்து இலை போட்டவர்களும் உண்டு. ஆனால் இலை போட்ட சாப்பாடு செரித்துவிட்டது, அந்த டீ இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. இங்கே கிரேம் 'ங்க' போடுவதில்லை, பெயரைக்கூட முழுசாகச் சொல்வதில்லை, "சால்" என்று கத்துகிறார். ஆனால் தான் குடிக்கிற மக்கைக் கழுவி அதிலேயே எனக்கு டீ ஊற்றித் தருகிறார். முதல் தடவை அப்படித் தந்தபோது, வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு குடித்தேன். அழுகிறேன் என்று அவருக்குத் தெரியக்கூடாது.

இது எதற்கு இப்போது வருகிறது என்று விரட்டிப் பார்த்தேன். போகவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சத்தம் விஷயத்தில் என் காது ஏமாறாது. ஆனால் ஒரு கேள்வி அங்கே நின்றுகொண்டிருந்தது. அது நான் தயார் பண்ணியதல்ல. இதை மட்டும் ஏன் என்னிடம் சொல்லவே இல்லை என்கிற கேள்வி.

பிரதம மந்திரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், மழையைப் பற்றி, மாட்டு மடியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். மணிக்கணக்காகப் பேசின இந்த வாய், இந்த ஒன்றை மட்டும் ஆண்டவரிடம்கூடச் சொன்னதில்லை.

சட்டத்தை மீறி வாயைத் திறந்தேன். ஜெபத் தமிழ் வரவில்லை. ஸ்தோத்திரம் வரவில்லை, தாரும் வரவில்லை, தகப்பனே கூட வரவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஆண்டவரிடம் 'ங்க' போட்டுப் பேசினேன்.

"ஆண்டவருங்க... புள்ள படிப்பெல்லாம் காரணமில்லீங்க. எனக்குப் பயமுங்க. எந்தப் பக்கம்னு மறுக்கா ஒருத்தரு கேட்டுப்போடுவாங்களோன்னு பயமுங்க. என்ற புள்ளையைக் கேட்டுப்போடுவாங்களோன்னு அதைவிடப் பயமுங்க."

6

ஆமென் யாரும் சொல்லவில்லை. மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்றாள். அவள் வளர்ந்தது மேட்டுப்பாளையத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில். பக்கத்து வீட்டில் யார், எதிர் வீட்டில் யார் என்று கேட்காத இடம். எனக்கு நடந்தது அவளுக்கு நடந்ததில்லை, நானும் சொன்னதில்லை.

அவள் பேசட்டும் என்று இருந்தேன். அதுவும் எனக்குப் புதுப் பழக்கம்.

"எனக்கும் அங்கயே போய் இருந்துக்கோணும்னு இல்லீங்க" என்றாள் மெதுவாக. "இங்க நான் வேலை பாக்கற முதியோர் ஹோம்ல தெனமும் யாரோ ஒருத்தரோட அம்மாளுக்குத் தண்ணி வாத்து, தலை சீவி, பவுடர் போட்டு உடறேன். அவங்க என்ற கையைப் புடிச்சிட்டு அவங்க புள்ள பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. அங்க என்ற அம்மாளுக்குப் பக்கத்து ஊட்டு அம்மணி தண்ணி வாத்து உடுது. நான் வெசனப்படறது அதுக்குத்தானுங்க. அம்மா இருக்கற வரைக்கும் கூட இருந்தாப் போதும்."

"அதுக்கு எதுக்கு ஊருக்கே போயிரலாம்னு நின்னே?"

"ஊருக்கே போலாம்னு கேட்டாத்தான் ஒரு மாசத்துக்காச்சும் உடுவீங்க! ஒரு மாசம்னு கேட்டிருந்தா ஒரு வாரத்துல பேசி முடிச்சிருக்க மாட்டீங்களா?"

உக்கடம் மீன் மார்க்கெட்டில் பேரம் பேசுகிற மாதிரி பேசியிருக்கிறாள் பாருங்கள். அதுவும் ஆண்டவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு.

அதுவரை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த ஜெமி கேட்டாள். "எந்தப் பக்கம்னா என்னப்பா?"

அவளுக்குத் தெரியவில்லை. என் மகளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல், மோட்டார் ரூமிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நடுவில் பேசவில்லை, போனைப் பார்க்கவில்லை. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கேக்கட்டும்பா. அவங்க எந்தப் பக்கம்னு நான் திருப்பிக் கேக்கறேன்" என்றாள்.

"மரியாதையாக் கேக்கோணும் கண்ணு" என்றாள் மெர்சி.

"கேக்கறனுங்க" என்றாள் ஜெமி. மூன்று பேரும் அழுகையோடு சேர்த்துச் சிரித்தோம்.

7

மெர்சி சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மேட்டுப்பாளையம் போய் இரண்டு மாதம் ஆகிறது. எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. விண்ணப்பம் இன்னும் அரிசி டப்பாவுக்கு அடியில்தான் இருக்கிறது. அவள் வந்து எழுதட்டும், அல்லது எழுதாமல் இருக்கட்டும். கிறிஸ்துமசுக்கு நானும் ஜெமியும் போகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. மதுக்கரைக்கும் போவேன். பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. ஆனால் இப்போது அது எனக்கு மட்டும் தெரிந்த பயமில்லை.

தனியாகச் சமைப்பதில் எனக்கும் ஜெமிக்கும் தினம் ஒரு கூத்து. அப்பாவைப் போலவே நானும் இப்போது உப்பைப் பற்றி ஜெபிக்க வேண்டியிருக்கிறது. குழம்பு வைப்பது நான்தான் என்பதால் யாரைக் குறிவைத்து ஜெபிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஏழு மணி ஜெபம் நிற்கவில்லை. இங்கே சாயங்காலம் ஏழு என்றால் அங்கே மத்தியானச் சமையல் நேரம். வீடியோவில் இணைந்துகொள்கிறோம். அத்தைக்கு எங்கள் சட்டமெல்லாம் ஒத்துவராது, அவர் பேசித்தான் ஆகவேண்டும். முந்தாநாள் இப்படி ஜெபித்தார்:

"ஆண்டவரே, என்ற மாப்ள என்ற புள்ளையைத் தனியா அனுப்பி வெச்சாரே, அந்த மனசுக்காக ஸ்தோத்திரம். கிறிஸ்துமசுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கறாரு. வந்ததும் ஓடறதுலயே குறியா இல்லாம, ஒரு மாசம் நின்னு ஒறம்பரையாட்டம் தின்னுட்டுப் போற புத்தியை அவருக்குத் தாரும்."

எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன். அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று இப்போது தெரிகிறது.

பிறகு எங்கள் பத்து நிமிடம். கண்ணை மூடினேன். அத்தை வீட்டு மின்விசிறியில் புஷ் போயிருக்கிறது, கிறிஸ்துமசுக்குப் போய் மாற்ற வேண்டும். உருளைக்கிழங்கு மண்டிக்குப் போகிற லாரி ஒன்று கியர் மாற்றியது. ஊட்டி பஸ் நீளமாக ஹார்ன் அடித்தது. அப்புறம் சின்னதாக, சரக் சரக் என்று ஒரு சத்தம். என்ன என்று பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று. மெர்சி அவள் அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருக்கிறாள். அவள் சீக்கிரம் வரவேண்டும் என்று எனக்கு ஆசை, அதை உமது சித்தம் என்று சொல்லாமல் என் ஆசை என்றே சொல்லி வைத்தேன். அப்புறம் சும்மா இருந்தேன்.

எவ்வளவு நேரம் போயிற்றோ, அத்தையின் குரல் கேட்டது.

"ஏனுங்க மாப்ள, லைன் கட்டாயிப்போச்சுங்களா? சத்தத்தையே காணமுங்க?"

"இல்லீங்க அத்தை. இருக்கறனுங்க. கேட்டுட்டுத்தானுங்க இருக்கறேன்."

மின்விசிறி மட்டும் டக் டக்கென்றது.

"அப்படீங்களா" என்றார் அத்தை. "வழுக்கி உளுந்து கெடந்த நாள்லருந்து நானும் தெனமும் அவருகிட்ட இதேதானுங்க கேக்கறேன், லைன்ல இருக்கறீங்களா கட்டாயிருச்சுங்களான்னு. ஒரு சத்தமும் இருக்காது. அப்ப, அவரும் இப்படித்தான் இருந்திருக்கறாராட்டம் இருக்குது."

குக்கர் விசில் அடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.